தொலைந்தவர் பத்தி

எங்கள் பதிவேட்டில் கடைசிப் பத்தி முடிவுகளுக்கு.
குணமானவர். இறந்தவர். இடம் மாறியவர்.
இரண்டு மாதம் மாத்திரைக்கு வராதவர் பெயர்
தொலைந்தவர்.
அதை மட்டும் சிவப்பு மையில் எழுத வேண்டும்.

சிஸ்டர் லிகெலெலி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
மலெஃபெட்சானே, வயது நாற்பத்தேழு,
எல்லை தாண்டிப் போய்
வெல்கோம் தங்கச் சுரங்கத்தில் பதினொரு வருடம்.
காசம். எச்.ஐ.வி.
ஒன்பது வாரமாக ஆளில்லை.
"மூடுங்கள், ஒரு நடை போய்வருகிறேன்" என்றேன்.
பேனாவையா வாயையா என்பதுபோல் பார்த்தார்.

ஜூலை. இங்கே அதுதான் நடுக்குளிர்.
சென்கூ ஆற்றோரம் உறைந்த சேறு
குளம்படியில் நொறுங்கியது.
குதிரை இரவல்.
பையில் சளிக் குப்பி,
இரண்டு கிலோ சோள மாவு,
என் கணவரின் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி.
கேட்ட எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.
கடைக்காரி, "மேலே, ஆட்டுப் பட்டியில்."
கழுதையோட்டும் பையன் வாய்கூடத் திறக்கவில்லை,
மோவாயால் காட்டினான்: மேலே.
தொலைந்த ஆளுக்கு
இத்தனை முகவரி.

இரண்டாம் நாள் சாயங்காலம்
கல் குடிசை, புகை, குரைக்கும் நாய்கள்.
போர்வைக்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது,
பிறகு அவர் வந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.
சிரிப்பு பாதியில் இடறி விழுந்து
வெகுநேரம் எழவில்லை.
"காசத்துக்குச் செவ்வாய். மற்றதற்கு வியாழன்.
நடுவில் ஒரு புதன்கிழமையை
நான் எங்கே படுக்கவைப்பது?
ஆடு நூற்றுப் பத்து, ஒன்றுகூட என்னுடையது இல்லை.
ஆனாலும் வந்தேன்.
ஒரு தடவை, மாத்திரை இன்னும் வரவில்லை என்றீர்கள்.
அடுத்த தடவை ஆறு பெருகிக் கிடந்தது.
அக்கரையில் உங்கள் தகரக் கூரை.
கையை ஆட்டினேன்.
யாரும் திருப்பி ஆட்டவில்லை.
தொலைவில் இருக்கிறேன், சரி.
தொலைந்தது யார்?"

மாவைக் கிண்டினேன்.
கிண்டுவதற்கு மாவு இருந்தது நல்லதாயிற்று.

இருட்டியபின் தானாகவே சொன்னார்:
"அந்த மாத்திரை தின்ற நாட்களில்
வெளியே போய் நின்றால்
பனியில் ஆரஞ்சு நிறம் விழும்.
சுரங்கத்திலிருந்து கொஞ்சம் தங்கம் திருடிவந்தேன் என்று
நாய்களிடம் சொல்வேன்.
இப்போது வெறும் பனி.
அதைப் பார்க்கத்தான் பயம்."

விடியலில், காற்று போகும் பக்கம் திரும்பி நின்று
குப்பிக்குள் துப்பினார்.
பச்சை. ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று.
மூடியை இரண்டு முறை திருகி,
உறைந்துவிடாமல் இருக்க
ஒரு காலுறைக்குள் இறக்கினேன்.
மற்றதை அவர் இடது கையில் மாட்டிக்கொண்டார்,
சுண்டுவிரல் இல்லாத கை.

கீழே வந்து கேட்டேன்:
இரண்டையும் ஒரே கிழமையில் தந்தால் என்ன?
"அறை இரண்டு. வரிசை இரண்டு.
பணம் தருகிறவர்களும் இரண்டு பேர்" என்றார் சிஸ்டர்.
ஆள் ஒருவர்தானே.
ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
சிவப்புப் பேனாவை மூடிவிட்டுப்
பென்சிலைத் தேடியெடுத்து
அந்தக் கட்டத்தில் சின்னதாக எழுதினார்:
மேலே.

அப்படியொரு முடிவு மாவட்டப் படிவத்தில் கிடையாது.
மாதக் கடைசியில் கேட்பார்கள்.

ஆய்வகத்து மோட்டார் சைக்கிள் பையன்
குப்பியை வாங்கிக்கொண்டு,
"இதென்ன ஒற்றைக் காலுறை?" என்றான்.
பத்திரம், திரும்ப வேண்டும் என்றேன்.
ஜோடி மேலே இருக்கிறது.