நடுப்புள்ளி

மூன்றாம் தரத்துக்கு ஒரு தரை உண்டு, ஒரு கூரை உண்டு.
இரண்டுக்கும் இடையில் ஒரு புள்ளி.
அந்தப் புள்ளிதான் சந்தை என்று
கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் காட்டினார்.
நான் கொப்பியில் எழுதினேன். எழுதும்போது
பரந்தன் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு நிறுக்கிறவர்
ஏனோ நினைவுக்கு வந்தார்.
அதே மெஷின், அதே ஊசி,
கட்டுநாயக்காவில் வலயம் ஒன்று.
கிளிநொச்சியில் நாங்கள் வலயம் மூன்று.

கெங்கேஸ்வரி அக்காவை நான்தான் தரையில் வைத்தேன்.
பதினொரு வருடத்துக்கு முன், தொழிற்சாலையில்
பெயின்ற் மணம் போகாத கிழமை.
சோதனைத் துணியை அவர் ஓடவிட்ட வேகத்தில்
வரிசைத் தலைவி திரும்பிப் பார்த்தா.
ஒரு நூல் பிசகில்லை.

பிறகு படிவம். ‘முன் அனுபவம்’ என்ற கட்டம்.
பேனை அதற்கு மேலே நின்றது.
எங்கே பழகியது என்று நான் கேட்கவில்லை.
எத்தனை வருடம், என்ன நிறத் துணி,
ஆர் உடுத்தினது,
கேட்கவில்லை.
‘இல்லை’ என்று எழுதினார்.
நான் முத்திரை குத்தினேன்.
இல்லை என்றால் அட்டவணையில் பூச்சியம்,
பூச்சியம் என்றால் தரை.

தரையிலிருந்து ஏறலாம். விதி அப்படித்தான் சொல்கிறது.
வருடத்துக்கு நான்கு வீதம், ‘மிக நன்று’ என்றால் ஐந்து.
அக்காவுக்கு ஒவ்வொரு வருடமும் மிக நன்று.
ஆனால் சித்திரை பிறந்தால் தரையும் உயரும், கூரையும் உயரும்.
நடுப்புள்ளி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு
நாலரை வீதம் தள்ளிப்போய் இருக்கும்.

போன மாதம் யதுசா வந்தாள்.
வவுனியாவில் இரண்டு வருட வேலை,
பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்.
அவளை நடுவில் வைத்தேன்.

சம்பளம் இரகசியம் என்று
கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருக்கிறது.
லீசிங்காரனுக்கு அது தெரியாது.
யதுசாவின் ஸ்கூட்டிக்குப் பிணை கெங்கேஸ்வரி அக்கா.
இரண்டு சம்பளச் சிட்டையையும் அவன்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஸ்டேப்ளர் அடித்தான்.

“பிள்ளை, நான் எப்ப நடுவுக்கு வருவன்?”

கோபமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.
எக்செலில் இழுத்துப் பார்த்தேன்.
மிக நன்று, மிக நன்று, மிக நன்று என்று
இன்னும் முப்பத்தாறு வருடம்.
அக்காவுக்கு இப்போது நாற்பத்தொன்று.
திரையைத் திருப்பிக் காட்டவில்லை.
“கொஞ்சம் செல்லும் அக்கா” என்றேன்.

அவர் போகவில்லை.
“இரணைமடுவில தண்ணி குறைஞ்ச வருசமும்
சிறுபோகக் கூட்டத்தில மைக்கிலதான் வாசிப்பினம்,
ஆருக்கு எத்தனை ஏக்கர் எண்டு.
பிழையெண்டா எழும்பிக் கத்தலாம்.
போன முறை நான் கத்தினனான்.
கால் ஏக்கர் கூடக் கிடைச்சது.”

மெஷின்கள் ஓய்ந்த சாப்பாட்டு நேரம்.
எங்கோ ஒரு காற்றாடி மட்டும் கிறீச்சிட்டது.

“நீ எந்தத் தரம்?”

ஏழு என்றேன்.
“தரையோ, நடுவோ?”

அலுவலக ஆட்களின் கோப்பு வேறு.
அதன் கடவுச்சொல் கொழும்பில்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
என் படிவத்தையும் ஆரோ ஒருவர் நிரப்பினார்.
என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அக்கா சாப்பாட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்து
எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டார்.
“அப்ப உனக்கும் தெரியாதோ?”