இரும்புதானேக்கா

ஆனியில் வாங்கினேன். விற்றவர் இருதயராஜ்,
மஸ்கட்டுக்கு விசா வந்துவிட்டது அவருக்கு.
பதினான்கு கிலோ. பாசிப்பச்சை.
முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன்,
பின்னால் ஒன்றும் கிடையாது.
"கல்லுல ஏறுனா ஒங்களுக்கே தெரிஞ்சுரும்" என்றார்.
எச்சரிக்கையா விளம்பரமா, புரியவில்லை.

தெரிந்துவிட்டது.
நாகமலைச் சரிவில், விடியும் முன்,
ஒவ்வொரு கல்லும் பின்சக்கரத்தில் ஏறி
சீட்டு வழியாக
இடுப்பின் நாலாவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில்
தன் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கியது.
பகலில் மற்றவர்களின் அதே இடத்தைத்தான்
படம் எடுத்துக்கொண்டிருப்பேன்.
மூச்ச இழுங்க. நிறுத்துங்க. விடுங்க.

ஆடிக்காற்று. துவரிமான் கண்மாய்க்கரையில்
மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நின்றேன்.
எதிரே டிவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு ஆட்டோடு ஒருவர்
எஞ்சினை அணைத்துவிட்டு
காற்றிலேயே போய்க்கொண்டிருந்தார்.
ஆவணியில் ஏழு பஞ்சர், ஏழும் கருவேல முள்.
புரட்டாசி நினைவில்லை. இரவுப்பணி.

ஐப்பசியில் கண்மாய் பெருகி
பாதையை எடுத்துக்கொண்டது.
நான் வழக்கமாகக் கியர் மாற்றும் இடத்தில்
முழங்கால் நனைய ஒரு கொக்கு.

பிறகு அந்தச் சத்தம். டிக்.
பெடல் என்று நினைத்துக் கிரீஸ் வைத்தேன்.
சீட் என்று நினைத்துத் திருகினேன்.
கார்த்திகையில் ஒருநாள் சேற்றைக் கழுவும்போது
பின்குழாயில், பெயிண்டுக்கு அடியில்,
டாக்டர் தினமும் டைப் செய்யும் சொல்:
மயிரிழை.

சைக்கிள் கடைகளில் கைவிரித்தார்கள்.
ஒத்தக்கடையில் லாரி பாடி கட்டும் பட்டறை,
டிப்பருக்கு அடியிலிருந்து பீர்மைதீன் வந்தான்.
நகத்தால் ஒரு சுண்டு. காதை வைத்துக் கேட்டான்.
"இரும்புதானேக்கா."
கால்மணி நேரம். நூற்றைம்பது ரூபாய்.
டீக்காசை வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

சொல்லக்கூடாது, சொல்கிறேன்.
மார்கழியில் ஓர் இரவு, இரண்டரை மணி, வார்டு தூங்குகிறது.
சக்கரங்களைக் கழற்றிவிட்டு
செக்யூரிட்டி முத்திருளன் ஒருபக்கம் பிடிக்க
மேசையில் படுக்க வைத்தோம்.
பெயர்: பச்சை. வயது: ஏழு.
ஆணா பெண்ணா கட்டத்தைத் தாண்ட விடவில்லை கம்ப்யூட்டர்,
ஏதோ ஒன்றை அழுத்தினேன்.
மூச்சை நிறுத்தச் சொல்லப்போய்
வாயை மூடிக்கொண்டேன்.

திரையில்
உள்ளே ஒன்றுமில்லாத சாம்பல் குழாய்கள்,
முறிந்து கூடிய எலும்பில் கட்டும் முடிச்சைப் போல
வெள்ளையாய் ஒரு பற்று.
அதன் நடுவே கடுகளவு கறுப்பு:
அன்று சாயங்காலம் ஒத்தக்கடையில் வீசிய காற்றில்
துளி உள்ளே மாட்டியிருக்கிறது.
முத்திருளன் எட்டிப் பார்த்தார்.
"பொழச்சுக்குமா?"
படத்தை அழித்தேன்.

அந்தக் கடுகைப் பீர்மைதீனிடம் சொல்லவில்லை.
கல் வரும்போதெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
இதுவரை டிக் இல்லை.

பங்குனி. தண்ணீர் இறங்கி
பாதை வெளியே வந்திருக்கிறது, வெடித்த சேறாக.
என் பழைய டயர்த் தடம் எதுவும் இல்லை.
மூன்று விரல் முன்னால், ஒரு விரல் பின்னால் என்று
காய்ந்துபோன காலடிகள்.
அதன்மேல் ஏறும்போது
கட்டைவிரலால் தட்டுகிறேன்,
மூன்றிலிருந்து இரண்டுக்கு.