ஐசிங் கை

பதினெட்டு வருடம்
கேக்கின் மேல் ரோஜா பிழிந்த கை இது.
கூம்புத் துணியை லேசாக அமுக்கினால் போதும்,
இதழ், இலை, பிறந்தநாள்காரரின் பெயர்
ஒரு நடுக்கமும் இல்லாமல் இறங்கும்.
அந்தத் திமிர் இருந்தது எனக்கு.

தல்கவானோவில் ஜூலை மழை.
தகரக் கூரை போட்ட இரைச்சலுக்கு மேலே
கத்திக் கத்தித்தான் சொல்லிக்கொடுத்தான் நவேல்.
வயது இருபத்தாறு, பகலில் கப்பல் தளத்தில் வேலை.
செவ்வாய், வியாழன் இரவுகளில் நாங்கள்:
மீன் லாரி ஓட்டும் ஒர்தென்சியா,
பதிவாளர் அலுவலகத்து ஒஸ்ஸாந்தோன்,
பேக்கரி அடுப்புக் கதவின் கீல் முறிந்து
வெல்டர் வருவார் வருவார் என்று
மூன்று மாதம் காத்துச் சலித்த நான்.

முகமூடியை இறக்கினால் எதுவும் தெரியாது.
இரும்பு எங்கே, சொந்தக் கை எங்கே.
தீக்குச்சி கிழிப்பதுபோல் உரசு என்றான்.
உரசினேன். ஒட்டிக்கொண்டது.
குச்சி சிவந்து முனகி விடமாட்டேன் என்றது.
முறுக்கிப் பிடுங்கி மறுபடி உரச, மறுபடி ஒட்டியது.
ஒட்டவைக்கப் படிக்க வந்தவளுக்கு
முதல் பாடம் பிய்த்தெடுப்பது.

பிறகு ஒரு வியாழக்கிழமை, பிடிபட்டது.
எண்ணெயில் சோபைபியா பொரியும் அதே சத்தம்.
கை தன் பழைய வேலையைக் கண்டுகொண்டது.
கசடைத் தட்டினேன்; அடியில்
மீன் செதில் அடுக்கினதுபோல் வரி வரியாய்.
ஒஸ்ஸாந்தோன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
ஒர்தென்சியாவின் துண்டு பக்கத்திலேயே கிடந்தது,
கோழி எச்சம்போல்.
நான் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நவேல் இரண்டையும் வாங்கி
இடுக்கியில் முடுக்கி, சுத்தியலை எடுத்தான்.
அவளுடையது வளைந்தது, இன்னும் வளைந்தது,
லாடம்போல் ஆகியும் விடவில்லை.
என்னுடையது ஒரே அடி.
பிஸ்கட்.

உடைந்த இடத்தை விளக்கடியில் காட்டினான்.
அடி இரும்பு அப்படியே இருந்தது,
அரத்தின் கீறல்கூட அழியாமல்.
"மேலே உட்கார்ந்திருக்கிறது, யோலாந்தா.
உள்ளே போகவே இல்லை."
மெஷினைப் பார்த்தான். எழுபது ஆம்பியர்.
பொறி தெறிக்கிறதே என்று பயந்து
யாரும் பார்க்காதபோது நான் குறைத்து வைத்தது.

நூற்றுப் பத்துக்குத் திருப்பினான்.
"வெளிச்சத்தைப் பார்க்காதே. அதன் பின்னால்
உருகிக் கிடக்கும் குட்டையைப் பார்.
அது இரண்டு கரையையும் தொடட்டும். அப்புறம் நகரு."
முதல் துண்டில் ஓட்டை விழுந்தது.
இரண்டாவதில் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில்
ஒரு பொறி புகுந்து, அம்மாவை இழுத்துத் திட்டினேன்.
அன்றைக்கு முகமூடியை ஒரு நொடி முந்தித் தூக்கியதில்
இரவு முழுக்கக் கண்ணில் மணல்;
கேக் பெட்டிகளுக்கு நடுவே
ஈரத்துணி போட்டு மல்லாந்து கிடந்தேன்.
போவதில்லை என்று முடிவு செய்தேன்.
செவ்வாய்க்கிழமை போனேன்.

ஆகஸ்டில், ரொட்டி மாவு பொங்கும் மூன்று மணிக்கு
வாடகை மெஷினால் அந்தக் கீலை வைத்தேன்.
முண்டும் முடிச்சுமாய், ஒரு பக்கம் வழிந்து,
பார்க்கச் சகிக்காது.
கதவு இடது மூலையில் ஒரு விரல் சாத்தாது;
துணி திணித்து வைக்கிறேன்.
தினம் நானூறு ரொட்டிக்குத் திறந்து மூடுகிறது.

நேற்று ஒரு கல்யாண கேக்.
வெள்ளை ரோஜா, மூன்று அடுக்கு.
பிழிந்துகொண்டிருக்கும்போதே
கை தானாக நின்றது, ஒரு கணம்,
குட்டை கரையைத் தொடட்டும் என்று.