இசர்லோனில் பழுதுக்கு வந்த சட்டை

தோள்முதல் தொடைவரை
இருபதாயிரத்துச் சொச்சம் வளையம்.
எண்ணியது நான்.
காசை எண்ணியது கோபெல்.

கம்பியை அச்சில் இழுத்து, கோலில் சுற்றி, நறுக்கி,
நுனியைத் தட்டையாக்கித் துளைபோட்டு,
ஒன்றுக்குள் நான்கைக் கோத்து
எள்ளளவு ஆணி அறைந்தால்
வாய் மூடும்.
மூடாத வாய் ஒன்று போதும்
ஈட்டிக்கு.

சென்ற மழைக்காலம் போனது
இன்று வந்திருக்கிறது.
மணலும் காடியும் போட்டுப் பீப்பாயில் உருட்டினோம்.
துரு போயிற்று, துருவல்லாததும்.
விலாப்பக்கம் ஓட்டை.
மூன்று விரல் நுழைகிறது.

ஓரத்து வளையங்களை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
என் ஆணி ஒன்றும் தெறிக்கவில்லை.
இரும்புதான் கிழிந்திருக்கிறது.
அப்பாடா என்றது வாய்.
சொன்ன பிறகுதான்
சுருக்கென்றது.

"ஒட்டுப்போடாதே ஹில்லே" என்கிறான் கோபெல்.
"இனிமேல் உடுத்தப்போவது தம்பிக்காரன். ஒல்லி.
ஓட்டையோடு ஒரு பட்டையை உருவிவிட்டு
இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடு."

சேர்த்தேன்.
எங்கே இருந்ததென்று
எனக்கே தெரியவில்லை.

உருவிய பட்டையை யாரும் கேட்கவில்லை.
அடிப்பிடித்த கஞ்சிச் சட்டியை
அதை வைத்துத்தான் தேய்க்கிறேன்.
நன்றாகவே போகிறது
கரி.