198, கீழே 112

காலை ஏழரைக்கு
பாமசிக் கதவைப் பாதி உயர்த்தி
முதலில் போனைத்தான் பார்ப்பேன்.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக் தந்த பத்து மெசின்கள்
குருநகரில் பத்து வீடுகளில் இருக்கின்றன.
பத்துக் கைகளும்
இரவிரவாய் எனக்கு இலக்கம் அனுப்புகின்றன.

எமில்டா மாமி எப்போதும் 138.
மகன் பாரிசிலிருந்து எடுக்கும் ஞாயிறுகளில் 155.
அதை டொக்டருக்கு எழுத
படிவத்தில் ஒரு பெட்டியும் இல்லை.

செலஸ்ரினின் கைதான் விளங்கவில்லை.
தொடர்மாடி, மூன்றாம் தட்டு, வயது ஐம்பத்தாறு,
வலை தைப்பவர், இரவில் ஒரு குளுசை.
ஆறு மணிக்கு 171.
ஆறு பத்துக்கு 118.
ஆறேகாலுக்கு 144.
கடல்கூட
கால் மணித்தியாலத்தில் இப்படி ஏறி இறங்காது.

குளுசையைக் கூட்டவா என்று டொக்டர் கேட்டார்.
பொறுங்கோ என்றேன்.

வியாழன் இரவு ஒன்பது நாற்பதுக்கு
198, கீழே 112.

சோற்றுக் கையோடு போன் எடுத்தேன்.
"அண்ணை, தலை இடிக்குதே? கண் மங்குதே?"
"இல்லைப் பிள்ளை, நல்லா இருக்கிறன்."
"இது உங்கட கைதானே?"

நீளமாக ஒரு இருமல்.
பின்னால் ஆரோ சிரித்தார்கள்.
ஒரு சின்னக் குரல்
"அடுத்தது நான்" என்றது.

மெசின் வந்த நாள்தொட்டு
படிக்கட்டில் கதவுக்குக் கதவு போயிருக்கிறது.
இரண்டாம் தட்டு, நாலாம் தட்டு,
காஸ் சிலிண்டர் தூக்கிவந்த பெடியன்,
சீட்டுக்காசு கேட்டுவந்த மனிசி,
எல்லாரும் செலஸ்ரினின் பெயரில்
பேசாமல் காலூன்றி உட்கார்ந்து
கை கொடுத்திருக்கிறார்கள்.

"ஒன்பது நாற்பதுக்கு ஆர் அண்ணை?"
"அதை ஆர் கண்டது?
கறண்ட் போன நேரம்.
லைனிலை நிண்டவை."

கடை மெசினையும் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன்.
அதற்குள் கறண்ட் வந்திருந்தது.
கதவு கதவாய்த் தட்டினேன்.
ஜெனிற்றா 126.
றெஜினோல்ட் 150, "கடலுக்குப் போகாட்டி அப்பிடித்தான்."
நாலாம் தட்டில் ஒருவர்
இடக்கையில் பழைய செல்துண்டு என்று
கேட்காமலே வலக்கையை நீட்டினார். 133.
ஒருத்தி கதவைத் திறக்கவில்லை,
ஜன்னலால் மட்டும் கையைத் தந்தாள்.
இருபத்தேழு கைகள்.
கூடியது 164.
ஒவ்வொரு வீட்டிலும் கருவாடு பொரித்த வாசம்,
உப்பைக் குறையுங்கோ என்று சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் இறங்கினேன்.

கீழே செலஸ்ரின் நின்றார்,
குற்றவாளி போல.
"பத்தரைக்கு நண்டுக்குப் போனவை கொஞ்சப்பேர், பிள்ளை.
போகமுதல் அவையும் பாத்தவை."

கரைக்கு வந்து பார்த்தேன்.
தூரத்தில் ஏழெட்டு வெளிச்சம்.
அதில் ஏதோ ஒன்றின் கீழே
அந்த 198
வலைக்கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறது.
கடலுக்குள் போன ஒருவர் போனும்
வேலை செய்யவில்லை.
இன்னும் பிடிபடவில்லை என்று
டொக்டருக்கு எழுதினேன்.

நித்திரை வரவில்லை.
ஐந்தரைக்கு இறங்குதுறையில்
நண்டு நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில்
ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து
மெசினை வைத்துக் காத்திருந்தேன்.
கரையேறியவர்களை
பத்து நிமிடம் இருத்திவைத்துப் பார்த்தேன்.
முதலாவது கை, ஈரம், டீசல் மணம், 129.
இரண்டாவது 141.
மூன்றாவதுக்குக் கூச்சம்.
நாலு, ஐந்து, ஆறு.

ஏழாவது டிலக்சன்.
வயது முப்பத்தொன்று, ஆவணியில் கல்யாணம்.
பட்டியைச் சுற்றும்போதே அவசரப்பட்டான்:
"டக்கெண்டு பாருங்கோ அக்கா,
நண்டு செத்தால் பாதிவிலை."

மெசின் ஊதியது. நின்றது.
போதாதென்று
திரும்பவும் ஊதத் தொடங்கியது.
இந்த ஐந்து வருசத்தில் எனக்குத் தெரியும்,
எந்தக் கைகளுக்கு அது
இரண்டாம்தரம் ஊதும் என்று.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.
"என்னக்கா,
மெசின் பழுதோ?"