அடிக்கணக்கு

மகோகாவின் பசுவே,
நேற்று ராத்திரியும் நீ வந்திருக்கிறாய்.
நேப்பியர் புல்வேலியில் உன் உடம்பளவு ஓட்டை.
வேலி பயிரை மேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.
நீ வேலியையே மேய்ந்துவிட்டு
உள்ளே வந்து தட்டையையும் தின்கிறாய்.

அது உனக்குப் போட்டதல்ல.
கதிர் ஒடித்த மக்காச்சோளத் தட்டையை
அப்படியே நிலத்தில் கிடத்தியிருக்கிறேன்.
மூடாக்கு.
வெயில் மண்ணைச் சுடாமல் இருக்க,
மழை மண்ணை அறையாமல் இருக்க,
அடியில் பெயர் தெரியாத ஆயிரம் வாய்கள்
ஆற அமரத் தின்ன.
உனக்கு ஒரு வாய், நாலு வயிறு.
அவற்றுக்கு வாய் மட்டும்தான்.

ஐந்து வருஷமாக நான் உழவில்லை.
புங்கோமாவில் உழாத பெண்ணுக்கு
என்னென்ன பட்டம் கிடைக்கும் என்று உனக்குத் தெரியாது.
சோம்பேறி என்பது அதில் சின்னது.
என் சொந்தப் பெயர் நலியாக்கா,
களையெடுக்கும் பருவத்தில் பிறந்தவள்.
கலப்பை போன பிறகு
களை இரண்டு பங்காக வந்தது.
பெயருக்கேற்ற பிழைப்பு.

வருஷத்துக்கு ஒருமுறை ஒயூகி வருகிறான்,
மோட்டார் சைக்கிளில், முதுகில் எஃகுக் குழாய்.
குழாயை நிறுத்திச் சுத்தியலால் அடித்து
முழங்கை ஆழத்துக்கு மண்ணை உருவுகிறான்.
பையில் போட்டுப் பெயர் எழுதுகிறான்.
போன வருஷம் என் பையில் மகோகாவின் பெயர்.
நான் சேர்த்த கரிக்கு
ஒரு வாரம் அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

எங்கோ கப்பலும் விமானமும் ஊதிய புகை
என் தட்டை வழியாக இறங்கி
இங்கே குடியிருந்தால் காசாம்.
குழுவில் நாற்பத்தொரு பேர்.
பங்கு பிரித்ததில் என் கைக்கு வந்தது
இரண்டு கட்டிச் சோப்பு,
மீதிச் சில்லறைக்கு ஒரு தீப்பெட்டி.
தட்டையைக் கொளுத்த மாட்டேன் என்று
கைநாட்டு வாங்கியவர்களின் காசில்
தீப்பெட்டி!

போன ஏப்ரல் மழையில்
மகோகாவின் சரிவிலிருந்து சிவப்பாக ஓடியது தண்ணீர்.
என் பக்கமும் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் மெதுவாக.
கொஞ்சம் வெளுத்து.

அப்புறம் ஜனவரி.
உன் விலா எலும்புகளை
வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே எண்ண முடிந்தது.
மகோகாவை நான்தான் கூப்பிட்டேன்.
மூன்று வரிசையில் ஒன்று உனக்கு,
தோகையும் நுனியும்.
அடித்தண்டு மண்ணுக்கு.
பதிலுக்கு உன் சாணம் முழுவதும்
தள்ளுவண்டியில் என் எருக்குழிக்கு.
'முழுவதும்' என்ற இடத்தில் அவன் இழுத்தான்.
முக்காலுக்கு முடிந்தது.
ஒயூகியின் தாளில் இந்தப் பேரத்துக்குக் கட்டம் இல்லை.
உன் ஏப்பத்துக்கு உண்டாம்,
அதைக் கழித்துக்கொள்வார்களாம்.
நீயோ
கைநாட்டு வைக்காதவள்,
மூன்று வரிசையையும் உன்னுடையது என்கிறாய்.

நான் படித்தது குறைவு. எண்ணத் தெரியும்.
முதல் வருஷம் குழாய் இறங்கப் பதினேழு அடி.
ஒவ்வோர் அடிக்கும் என் பல் கூசியது.
அடுத்த வருஷமும் பதினேழு.
பிறகு பதினைந்து.
மழை பொய்த்த வருஷம் மறுபடி பதினாறு,
அன்று இரவு நான் சாப்பிடவில்லை.
இந்தச் செவ்வாய்க்கிழமை
அவன் எதையோ பேசிக்கொண்டே அடித்தான்.
பதில் சொல்லாமல் உதட்டுக்குள் எண்ணினேன்.
பதினொன்று.
தாளில் ஆழம் எழுதினான், ஈரம் எழுதினான்,
அதை எழுதவில்லை.

குழியை மூடாமல் போய்விட்டான்.
உன்னைத் திட்டத்தான் இப்போது வந்தேன், கையில் குச்சியோடு.
பிப்ரவரி வெயிலில், குழிக்கு ஒரு முழம் தள்ளி,
தட்டையை விலக்கிய இடத்தில்
உன் குளம்படி.
கணுக்கால்வரை
இறங்கியிருக்கிறது.
சுத்தியல் இல்லாமல்.