ஆணித்துளை

பதினேழு வருடத்தில் இந்தப் பிஸ்டல்
ஆளைப் பார்த்துச் சுட்டதே இல்லை
என்கிறது பதிவேடு.
வருடாந்தரப் பயிற்சிக்குப் பத்துத் தோட்டா, அவ்வளவுதான்.
பிறகெப்படி ஃப்ரேமில் ஆணித்துளை
கோழிமுட்டையாய் இழுத்துக்கொண்டது?

உசிலம்பட்டி ஸ்டேஷன் ஏட்டு ஒச்சப்பன்
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"சனிக்கிழமை தவறாம
ஆணியத் தட்டிக் கழட்டி எண்ணெ போடுவேன் சார்.
இன்ஸ்பெக்‌ஷன்னா ரெண்டு வாட்டி."

ஆக,
சுட்டுத் தேயவில்லை,
துடைத்துத் தேய்ந்திருக்கிறது.

ஆயுதப்படை மைதானத்தில் கவாத்துப் புழுதி.
தகரக்கூரைக்கடியில்
துளையை மறுபடி வட்டமாக்கினேன்.
மயிரிழை தடிப்பாய்க் கடைந்த ஆணிகளில்
இரண்டு ஆடின.
மூன்றாவது, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தது.

"இனிமே மாசம் ஒருதரம் போதும்."

"சரிங்க சார்" என்றவர்
கையெழுத்துப் போடுமுன்பே
சட்டைப்பையிலிருந்து உருவிவிட்டார்
அந்த மஞ்சள் துணியை.